உன் வீட்டிலும் அந்த வளையம் வேலை செய்கிறது

கதிர்,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இன்று தெம்பில்லை. நேற்றுத்தான் போனில் விசாரித்துக்கொண்டோம். உனக்கு இருமல், எனக்கு முட்டி வலி, மீனாவுக்கு ஆபீசில் மூச்சுவிட நேரமில்லை. அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். "சனிக்கிழமை ஏஜென்ட் வர்றாரு மா, வீட்டைப் பார்க்க. ரெடியா இருங்க" என்று நீ அனுப்பியதைப் படித்துவிட்டேன். பதில் போடவில்லை. படித்ததும் உனக்குத் தெரிந்திருக்கும், பதில் வராததும் உறுத்தியிருக்கும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் நீ "ஓகே மா, ஓகே மா" என்று முடித்துவைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும். ஆகட்டும். ஒரு நாளாவது உன் அம்மா சொல்வதை அவள் வேகத்துக்குக் கேள்.

உன் கல்யாணம் முடிந்த கையோடு நீ என்னிடம் கேட்டாய். தேக்கா வீட்டை விற்றுவிட்டு, தெம்பனிஸ் காண்டோ அடுக்ககத்தில் எங்களோடு வந்து இருங்கள் என்று. அறை ஒதுக்கிவிட்டாய், நீச்சல் குளம் தெரியும் ஜன்னல் வேறு. மீனாவும் மனசார அழைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரியாதா? சிங்கப்பூரில் எத்தனை பெற்றவர்களுக்கு இது வாய்க்கிறது! நான் என்ன சொன்னேன்? "உங்க காண்டோல என் ரேடியோ ஆன்டெனா வைக்க விடமாட்டாங்கய்யா" என்றேன். பால்கனியில் ஒரு துண்டு காயப்போட்டாலே மேனேஜ்மென்ட்டிலிருந்து கடுதாசி வரும் என்று நீதான் ஒருமுறை சொல்லியிருந்தாய். அதையே பிடித்துக்கொண்டேன். அத்தோடு விடுவாய் என்று நினைத்தேன். நீ யார் பிள்ளை? விடவில்லை. மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிக் கேட்டாய். பால்கனிக்கு வெளியே எதுவும் நீட்டக் கூடாது, அறைக்குள் உங்கள் இஷ்டம் என்று பதில் வாங்கினாய். போதாததற்கு, மடித்துப் பையில் போட்டுக்கொள்ளும்படியான அந்தச் சின்ன வளைய ஆன்டெனாவை எங்கிருந்தோ வரவழைத்து, என் மடியில் வைத்து, "இப்ப என்ன சொல்றீங்க மா?" என்று சிரித்துக்கொண்டு நின்றாய்.

என்ன சொல்வேன்? நல்லாயிருக்கு என்றேன். நல்லாத்தான் இருக்கிறது. நான் கையால் வளைத்துச் செய்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே களைப்பு, கதிர். சொல்லச் சாக்கு இல்லாமல் போனால் மனுஷிக்கு இவ்வளவு அலுப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. பொய்யில்லாத காரணத்தை இனித் தேடியெடுத்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முதலிலிருந்து வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ பிறப்பதற்கு முன்னால் நான் காலாங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியும். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். தமிழ், மலாய், சீனம் எல்லாம் கலந்து வம்பு ஓடும், கை பாட்டுக்குச் சுற்றும். அந்தக் காயில் எந்த ரேடியோவுக்குள் போகிறது, அதில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கம்பெனி கடலைத் தாண்டிப் போய்விட்ட பிறகு, ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வீட்டிலிருந்தபடியே ஊர் உலகத்தோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோவுக்கு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். உரிமத்துக்குப் பரீட்சை வேறு. முதல் தடவை கோட்டைவிட்டேன், இரண்டாம் தடவை தேறினேன். உன் அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து களைப்பில் காலை நீட்டிக்கொண்டே, "ஏண்டி, இந்தக் காலத்துல பரீட்சை எழுதி ரேடியோல பேசுறவ உலகத்துலேயே நீ ஒருத்திதான்" என்று கேலி செய்வார். செய்தாரே தவிர, முதல் ரேடியோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவரும் அவர்தான். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை.

பெட்டி வந்துவிட்டது, ஆன்டெனாவுக்கு எங்கே போவது? நிலம் வைத்திருப்பவன் கோபுரம் நட்டுக்கொள்வான். நமக்கு வாய்த்தது அடுக்குமாடி. கூரை நம்முடையதில்லை, நடைபாதை நம்முடையதில்லை, சுவரின் வெளிப்பக்கம் நம்முடையதில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி மட்டும்தான் நமக்கென்று வானத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நீளமாக ஒரு வயரைச் சுற்றினேன். வெளியே தெரியாமலிருக்க உன் அப்பாவின் கைலிகளையும் என் புடவையையும் அதன்மேல் போட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு! ஈரப் புடவை காயக் காய வயரின் கணக்கு மாறிக்கொண்டே வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையில்கூட எழுதினேன், வீட்டில் மறந்துவிட்டேன். புடவை ஈரமாக இருந்தால் ஒரு இடத்தில் கேட்கும், காய்ந்தால் வேறு இடத்தில் கேட்கும். "என்னடி, இன்னைக்கு ஜப்பான் கிடைக்கணும்னா காட்டன் போடணுமா, சில்க் போடணுமா?" என்று உன் அப்பா கேட்பார். நீ அப்போது செகண்டரி ஸ்கூல். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வரும் நாளில் மட்டும் அந்த ஜன்னலைச் சாத்திவிடச் சொல்வாய்.

பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டியை உனக்கு நினைவிருக்கும். அவர் வீட்டுக்காரர் இறந்த வருஷம், சீனர்களின் ஏழாம் மாதம் வந்தது. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள் என்று அவர்கள் நம்புகிற மாதம். கீழே தகரத் தொட்டியில் காகிதம் எரியும், சாம்பல் நம் சமையலறை வரை பறந்து வரும். ஒரு நாள் லிஃப்டில் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவருடைய ஹொக்கியன் சீனம் தெரியாது. பாதி மலாய், பாதி இங்கிலீஷில்தான் எங்கள் குடித்தனம். அவர் சொன்னதன் சாரம் இது: சாயங்காலம் டிவி நாடகம் முடிந்ததும், சாமி மாடத்தில் இருக்கும் சிவப்பு மின்விளக்கு தானாக விட்டுவிட்டு மின்னுகிறது. வீட்டுக்காரர் வந்துவிட்டார். அதனால் தினமும் அந்த நேரத்துக்கு மாடத்தில் ஒரு கோப்பை கறுப்புக் காப்பி வைக்கிறாராம், சர்க்கரை தூக்கலாக. சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதுப்பெண் மாதிரி இருந்தது.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, பெட்டியை முடுக்கி மைக்கைக் கையில் எடுத்த பிறகுதான் பொறி தட்டியது. ஐயோ! நாடகம் முடிகிற நேரம்தான் நான் பேச உட்காருகிற நேரம். என் கழி அவர் மாடத்துச் சுவரை ஒட்டித்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் பேசப் பேச அவர் விளக்கு மின்னுகிறது. மைக்கை வைத்துவிட்டேன். உன் அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார் என்று பயந்தேன், அவர் சிரிக்கவில்லை. "போய்ச் சொல்லிடு. நாளைக்கு வேற யாராச்சும் சொல்லித் தெரிஞ்சா இன்னும் வலிக்கும்" என்றார். மறுநாள் வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கையாலும் காலாலும் விளக்கினேன். ஆன்ட்டி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். வடையைப் பிட்டார். "நீ யார்கிட்ட பேசுற?" என்றார். ஜப்பானில் ஒரு பெரியவர், இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஒருத்தர், யார் கிடைத்தாலும் பேசுவேன் என்றேன். "தாக் அப்பா லா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு, "மாசம் முடியுற வரைக்கும் அதே நேரத்துல பேசு லா" என்றார். பேசினேன். அலைவரிசையில் பதில் சொல்ல ஆளில்லாத நாளில்கூட, சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆன்ட்டியும் மாடத்தில் காப்பி வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வருஷம் நகர மன்றத்திலிருந்து ஒருவர் வந்து, கழியிலிருந்து வயர் தொங்குகிறது, கீழே விழுந்தால் யார் தலையிலாவது படும், எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. கழற்றிவிட்டேன். கொஞ்ச நாள் வாழ்க்கையே வெறுத்துப் போயிருந்தேன், ஒளிப்பானேன். அப்புறம்தான் அறைக்குள்ளேயே வைக்கும் வளையத்தைப் பற்றிப் படித்தேன். ஏர்கான் செப்புக் குழாயை சைக்கிள் சக்கரம் மாதிரி வட்டமாக வளைப்பது, இரண்டு முனைக்கும் நடுவே ஒரு கண்டென்சரைப் போட்டுத் திருகுவது, அவ்வளவுதான் விஷயம். சுங்கே ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் கண்டென்சரைப் பொறுக்கி எடுத்தவன் நீதான். "மா, துரு பிடிக்காததா பாருங்க" என்று என்னையே மிரட்டினாய்.

அந்த வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. ரொம்ப ரோஷக்காரி. சரியான இடத்தில் திருகி வைத்துவிட்டால் ஊசிமுனையில் நிற்கும். ஆனால் ஆள் யாராவது பக்கத்தில் நடந்தால் போதும், விலகிப்போகும். மறுபடி திருக வேண்டும். வீடோ சின்னது. நீ குளியலறைக்குப் போனால் எனக்கு மணிலா போய்விடும். நீ ஃபிரிட்ஜைத் திறக்க வந்தால் கொச்சி போய்விடும். எத்தனை தடவை உன்னைக் கத்தியிருக்கிறேன்! உன் அப்பாவைக் கத்தியதே இல்லை, ஏன் தெரியுமா? நான் மைக்கைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டால் அந்த மனுஷன் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவார். கையில் தேத்தண்ணீர்க் கோப்பை இருக்கும். ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் கூடத்திலும் இருக்கும். நாள் முழுக்க பஸ் ஓட்டி இடுப்பு விட்டுப்போய் வந்தவர், நான் "நன்றி, வணக்கம்" சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நிற்பார். முடித்ததும், "என்ன, ஆள் கிடைச்சானா?" என்று கேட்டுவிட்டு ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடிப்பார். நான் பேசுவதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது. கல்யாணம் ஆனவனுக்கு அம்மா புத்தி சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது, அதனால் இதைச் சொல்கிறேன். மீனா ஆசையாக ஏதாவது செய்துகொண்டிருந்தால் உனக்குப் புரிய வேண்டும் என்று அவசியமில்லை, கூடச் சேர்ந்து செய்ய வேண்டும் என்றும் இல்லை. குறுக்கே நடக்காமல் நின்றால் போதும். பெரும்பாலான ஆண்களுக்கு அது வருவதில்லை.

உன் அப்பா போன பிறகு அந்த வளையத்தைத் திருக வேண்டிய வேலையே குறைந்துவிட்டது. காலையில் வைத்தது சாயங்காலமும் அப்படியே நிற்கிறது. குறுக்கே நடக்க வீட்டில் ஆளில்லை. நல்லதுதானே என்பார்கள் ரேடியோக்காரர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லிம் ஆன்ட்டியும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். கதவு திறந்திருந்தபோது ஒருவன் வளையத்தை எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, அது என்ன, துணி காயப்போடறதா?" என்றான். ஆமாம்ப்பா என்றேன். விளக்கத் தெம்பில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் நீ கவலைப்படுகிறாய். அம்மா தனியாக இருக்கிறாள், முட்டி வேறு இப்படி, விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று. அந்தக் கவலை பொய்யில்லை. எனக்கும் அது உண்டு. குளிக்கப் போகும்போது போனைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

"வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதுக்கு மா?" என்று நீ கேட்டதற்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. வாட்ஸ்அப்பில் நான் கூப்பிடுகிற ஆட்கள் எல்லோருக்கும் நான் கதிரின் அம்மா, அல்லது உன் அப்பாவின் பெண்சாதி, அல்லது முட்டி வலிக்காரி. "எப்படி இருக்கீங்க, மருந்து சாப்பிட்டீங்களா" என்று ஆரம்பிப்பார்கள். ரேடியோவில் அப்படி இல்லை. யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கூப்பிடுகிறேன். யார் பதில் சொல்லப்போகிறார்கள் என்று எனக்கும் தெரியாது, கேட்பவருக்கும் நான் யார் என்று தெரியாது. சில நாள் யாரும் வருவதில்லை. கீழே கடைகளின் விளக்குப் பலகைகள் ரேடியோவில் கிளப்பும் இரைச்சல்தான் வரும். பல நாள் அப்படித்தான். அப்படியும் கூப்பிடுகிறேன். பெரிய தத்துவமெல்லாம் இல்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நீயும் மீனாவும் பாலி போயிருந்தபோது செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்தாய் அல்லவா? நீ வாங்கிக் கொடுத்த வளையத்தையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டுதான் தெம்பனிஸுக்கு ரயிலேறினேன். திருட்டுத்தனம் இல்லை. உன் வீட்டிலிருந்து பேசிப் பார்க்க, உரிமம் கொடுத்த ஆபீசில் முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்கியிருந்தேன், உன் விலாசத்தைக் கொடுத்து. கோபித்துக்கொள்ளாதே. எனக்காக ஒதுக்கிய அறையில், ஜன்னலுக்கு உள்பக்கமாக, முக்காலியில் நிறுத்தினேன். வேலை செய்யாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யாவிட்டால் உன்னிடம் சொல்ல மறுபடி ஒரு சாக்குக் கிடைக்குமே!

பிரமாதமாக வேலை செய்தது, கதிர். சும்மா சொல்லக் கூடாது. உன் வீடு உயரத்தில் இருக்கிறது, கடை இரைச்சல் கிடையாது. தேக்காவில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது மாதிரி வரும் குரல்களெல்லாம் பக்கத்து அறையில் பேசுவது போல் வந்தன. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு கூப்பிட்டேன். சுரபாயாக்காரர்தான் பதில் சொன்னார், லிம் ஆன்ட்டி காலத்திலிருந்து பேசுகிற அதே மனுஷர். என் குரல் அவருக்கு நன்றாகப் பழக்கம். ஆனால் அன்றைக்கு அவருக்கு நான் சொல்வது விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. வளையத்தைத் திருகினேன், பெட்டியைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. திரும்பச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சிஸ்டர், ஏன் இவ்வளவு சின்னக் குரல்? அங்க யாராவது தூங்குறாங்களா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, ரகசியம் பேசுவது போல் பேசிக்கொண்டிருந்தேன். யாரும் தூங்கவில்லை, வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன். உரக்கப் பேச முயன்றேன், வரவில்லை. புது சோபா, வெள்ளைச் சுவர், மீனா ஆசையாக மாட்டியிருக்கும் திரைச்சீலை, எல்லாம் அழகாக இருந்தன. எதுவும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் தொண்டை எழும்பவில்லை. உன் வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளி சத்தம் போட மாட்டாள். நீங்கள் என்னைத் தங்கமாகத் தாங்குவீர்கள், நானும் வாழ்நாள் முழுக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டு உங்களுக்குத் தொந்தரவில்லாமல் இருப்பேன். எல்லோரும் என்னை நல்ல மாமியார் என்று சொல்வார்கள். நினைத்தாலே எனக்கு அழுகை வருகிறது.

அதனால் ஏஜென்ட்டை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆன்டெனா காரணமில்லை. மேனேஜ்மென்ட் காரணமில்லை, மீனா காரணமில்லை, நீயும் இல்லை. குளியலறையில் கைப்பிடி போட வேண்டும் என்றாயே, அதைப் போடு. தினமும் காலையில் போன் பண்ணு, நான் எடுக்காவிட்டால் ஓடி வா. அந்த அளவுக்கு எனக்குப் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு நாள் நடக்க முடியாமல் போகும். அன்றைக்கு நானே உனக்குச் சொல்லி அனுப்புகிறேன், வந்து அழைத்துக்கொண்டு போ. நீ காட்டிய அறையில் முணுமுணுக்காமல் இருந்துகொள்கிறேன். அதுவரைக்கும் என்னை இங்கே கொஞ்சம் கத்திக்கொண்டிருக்க விடு, அய்யா.

அம்மா